பிடித்து வைத்த பொதி

ஹீயுமா தீவின் ஹெல்ட்டெர்மா துறையில்
கடைசிப் படகு போய்விட்டது.
அடுத்தது ஐந்து நாற்பதுக்கு.
இடைப்பட்ட இருட்டு முழுக்க
லேலோவுக்குச் சொந்தம்.

டிக்கெட் அறையில் ஒரு ஹீட்டர்,
இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி,
கறுப்புத் திரையில்
விட்டுவிட்டு மினுக்கும் ஒற்றைக் கோடு.
முதலில் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னாள்.
எங்கெங்கோ இருக்கும் கிடங்குகள்
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி விழித்தன.
பிறகு மேம்படுத்தச் சொன்னாள்.

மேம்படுபவை இருநூற்றுப் பதினாலு.
புதிதாய் வருபவை மூன்று.
பிடித்து வைக்கப்பட்டது ஒன்று.

அந்த ஒன்று.
நாற்பது கிலோபைட்,
ஒரு புகைப்படத்தின் ஓரத்துக்குக்கூடக் காணாது.
சுற்றிலும் எல்லாம் சட்டை உரித்து உரித்து வளர
ஒன்பது வருடமாக அதே பதிப்பு.

உன்னை நம்பி யார் இருக்கிறார்கள் என்று
முனையத்தில் கேட்டாள்.
ஒருவருமில்லை என்று வந்தது.

பொதிகளின் இலக்கணம் அவளுக்கு அத்துப்படி.
தானே நிற்பவை சில, சார்ந்து நிற்பவை பல.
எனக்குத் தெரிந்த இலக்கணத்தில் ஆய்தம் அப்படி:
முன்னால் ஒரு குறிலும்
பின்னால் ஒரு வல்லினமும் இல்லாமல்
வாயே திறக்காது.
யாரும் சாராததும், யாரும் கேட்டு வாங்காததும்
பெருக்கும்போது குப்பையோடு போகும்.

பதிவேட்டைப் புரட்டினாள்.
ஜனவரி பதினாலு, இரவு இரண்டு நாற்பத்தொன்று:
ஐவோ இதைப் பிடித்து வைத்திருக்கிறார்.
காரணம் எழுத அந்தக் கட்டளையில் இடமில்லை.
ஐவோ இப்போது பேர்னுவில் பஸ் ஓட்டுகிறார்.

ஒத்திகை பார்த்தாள்.
எதையும் தொடாமல்
தொட்டால் என்னாகும் என்று மட்டும் சொல்லும் கட்டளை.
ஒன்றும் ஆகாது என்றது.
ஆம் என்று ஓர் எழுத்து. என்டர்.

பிடி விட்டது, பொதி போனது.
இருநூற்றுப் பதினாலும் வரிசையில் வந்து
கட்டவிழ்ந்து, அவரவர் இடத்தில் அமர்ந்தன.
பிழை பூஜ்யம்.
ரொட்டி தீர்ந்தது.

ஐந்து பத்துக்கு முதல் லாரி.
மரத்தடி ஏற்றி வந்த ஹெய்ட்டி
கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்:
'கப்பலுக்குப் பேர் மாத்திட்டீங்களா?'

வெளியே, பனிக்கு நடுவே, துறையின் பெரிய பலகையில்
இரண்டு கேள்விக்குறி,
அவற்றில் தொங்கிக்கொண்டு மிச்ச எழுத்துகள்.
மாலை வெள்ளி என்று பொருள் அந்தப் பெயருக்கு.
முதல் எழுத்து
தலையில் சிற்றலை சுமக்கும் ஒரு வட்டம்.
அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை.
ஆனால் 'நாக்கு' என்று சொல்லி முடிக்கையில்
உதடு குவியாமல் தேய்கிறதே ஓர் உகரம்,
அதற்குப் பக்கத்து வீடு.

பலகைக்கு இருபது வயது.
எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை.
ஒன்பது வருடமாகப் பின்கதவில் வந்து
அந்த நாற்பது கிலோபைட்டிடம்
எழுத்துக் கடன் வாங்கிப் போயிருக்கிறது.
கொடுத்ததும் எழுதவில்லை,
வாங்கியதும் எழுதவில்லை.

நல்லவேளை, இறக்கிய பொதிகள் குவியும் மூலையில்
பழையது இன்னும் கிடந்தது.
கையால் நிறுவினாள்.
பின்னோக்கிப் போகிறாய் என்று திரை எச்சரித்தது.
தெரியும் என்று வாயால் சொல்லிவிட்டு
ஆம் என்று விரலால் சொன்னாள்.
மறுபடி பிடித்து வைத்தாள்.

கப்பலுக்குத் தலை திரும்பியது, அலையோடு.
ஹெய்ட்டி கட்டைவிரலை உயர்த்திவிட்டு
லாரியைப் பாலத்தில் ஏற்றினார்.

காரணம் எழுத இடம் தேடினாள்.
உள்ளே நுழைபவரை சர்வர் வரவேற்கும் வரிக்குக் கீழே
அடித்தாள்:
பலகையின் எழுத்து இதில்தான் இருக்கிறது.
தொடாதே. லேலோ.

ஐவோவுக்கும் ஒரு வரி அனுப்பினாள்:
ஏன் சொல்லவில்லை?

ஏழு மணிக்கு மேல்,
பேர்னுவின் ஏதோ ஒரு நிறுத்தத்திலிருந்து
பதில் வந்தது:
எதை?