க்ளாவர் நாலு

பிப்ரவரி. செவர்ன் ஆறு கரை தாண்டி
வெல்ஷ் பாலத்தடியில் கார் நிறுத்துமிடத்தை விழுங்கிவிட்டது.
ஷ்ரூஸ்பரியில், ஏலக்கூடத்து நிலவறைப் பெட்டிகளை
மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம்.
அப்போதுதான் ஈரக் குடையோடு வந்தார்
திருமதி ஹெஸ்டர் பாட்ஃபீல்ட்.
கைப்பைக்குள் ஒரு கம்பளி சாக்ஸ்.
சாக்ஸுக்குள் ஒரு முகம்.

"எங்கள் வம்சத்து மூத்தவர்.
கடற்படை கேப்டன்.
பெரிய சண்டையில் கால் போனவர்."

முகத்தை அளந்தேன்.
உயரம் ஆறரை சென்டிமீட்டர், அகலம் ஐந்து.
முட்டை வடிவம். கண்ணாடியின் உட்புறம்
வியர்த்து உப்புப் பூத்திருந்தது.
கேப்டன் என்று சொல்ல
நீலக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை.
நீலக் கோட்டு அப்போது
கடன் கேட்டு வருகிறவனும் போட்டதுதான்.
பொத்தானில் நங்கூரம் இருக்க வேண்டும்.
பத்து மடங்கு லென்ஸில்
பொத்தான் வெறும் பொத்தான்:
மஞ்சளாய் ஒரு சொட்டு,
அதன்மேல் ஊசிமுனையளவு வெள்ளை.
சன்னல் இடப்பக்கம் இருந்திருக்கிறது, அவ்வளவே.

லென்ஸை இன்னும் நெருக்கினால்
ஆள் காணாமல் போகிறார்.
கன்னம் என்பது
சிவப்பும் பச்சையுமாய் எறும்பு ஊர்ந்த தடம்.
வலக்கண் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது
தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர்.
அணில் வாலாக இருக்கலாம்.
இருநூறு வருடமாய் இவர் கண்ணில் தூசு;
யாரும் ஊதிவிடவில்லை.

தந்தத்துக்கு இப்போது தனிப் படிவம்.
பரப்பளவு என்ன, காலம் என்ன, ஆதாரம் என்ன?
யாருடைய தந்தம் என்று
ஒரு கட்டம்கூட இல்லை.
காகிதமாய் அறுத்து, வெயிலில் வெளுத்து,
எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்த வில்லை.
பின்னால் விளக்கைப் பிடித்தால்
கன்னம் உள்ளிருந்து எரிகிறது.
அந்த வெளிச்சம் கேப்டனுடையதல்ல.
இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன் என்று
யானைக்கு விலை சொன்ன மொழி என்னுடையது.
எங்கள் மதிப்பீடு
இருநூறிலிருந்து முந்நூறு பவுண்டு.
சட்டத்தோடு சேர்த்து.

மூன்றாம் நாள் பின்மூடி கழன்றது.
தந்தம் வளைந்துவிடாமல்
முட்டுக் கொடுத்திருந்தது ஒரு சீட்டு.
க்ளாவர் நாலு.
யாரோ ஒரு கட்டை ஐம்பத்தொன்றாக்கி
இவருக்கு முதுகெலும்பு தந்திருக்கிறார்.
சீட்டின் பின்பக்கம் அந்நாளில் வெறும் வெள்ளை.
அதில் பென்சிலால், அவசரமாக:

*ஜோப் டிப்டன், மெழுகுவர்த்தி வியாபாரி.
மூக்கைக் குறைக்கச் சொல்கிறார்.
இரண்டு கினி. ஒன்று வந்தது.
மீதிக்கு மெழுகுவர்த்தி தருவாராம்.*

அதற்குக் கீழே, வேறொரு நாள் அழுத்தத்தில்,
*வரவில்லை.*

தொலைபேசியில் சொன்னேன்.
திருமதி பாட்ஃபீல்ட் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டார்: "அப்படியானால் கால்?"
படம் மார்போடு முடிகிறது அம்மா, என்றேன்.
"யாரோ ஒரு கனவான் என்று போட்டுவிடுங்களேன்.
மெழுகுவர்த்தி வேண்டாம்."

போடவில்லை.
ஏல எண் 214. ஜோப் டிப்டன், மெழுகுவர்த்தி வியாபாரி.
தந்தத்தில் நீர்வண்ணம்.
ஓவியர்: தெரியவில்லை.
அதைத் தட்டச்சு செய்யும்போதுதான் உறைத்தது,
கடன்காரருக்குப் பெயர் கிடைத்துவிட்டது,
வசூலாகாமல் நின்றவருக்கு இல்லை.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு முதலெழுத்துகூட இல்லை.
தந்தத்துக்காரருக்கும் இல்லை,
அவர் படிவத்திலேயே வரவில்லை.

வெள்ளம் வடிந்த மாலையில்
சாய்வான வெளிச்சத்தில் கடைசியாய் ஒருமுறை
லென்ஸை எடுத்தேன்.
மூக்கின் இடது ஓரத்தில்
கத்திமுனையால் சுரண்டிய தடம்,
அதன்மேல் புதிதாய் மூன்று புள்ளிகள்.

ஒரு மயிரிழைதான்.
குறைத்திருக்கிறார்.