பதினொரு வினாடி

இரண்டு வரி. வரிக்கு நாற்பது எழுத்து.
இரண்டு வினாடிக்குள் வாசித்து முடியவேண்டும்.
தமிழில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று எழுதவே
அதில் பாதி போய்விடும்.

குண்டு விழுவதை இந்தப் படம் காட்டவில்லை.
பத்து வருஷம் கழித்து, அதே ஊரில்,
ஐஸ் விற்கிற ஒருத்தி. ஆகஸ்ட் புழுக்கத்திலும்
மணிக்கட்டுவரை சட்டைக்கை.
அரிவாளின் கீழ் ஐஸ் தூள் பறக்கிறது.
படம் முழுக்க
அவ்வளவுதான் வெளிச்சம்.

அந்த ஊரார் அதை ‘பிக்கா’ என்கிறார்கள்.
மின்னல் என்று போட்டேன். அழித்தேன்.
மின்னலுக்குப் பிறகு மழை வரும், வயல் நிறையும்.
பளீர் என்று போட்டேன்.
கன்னத்தில் அறைந்தாலும் அதே சத்தம்தான்.
வெளிச்சம் என்று போட்டால்
என் மச்சாள் அதைப் பரா வெளிச்சம் என்றுதான் வாசிப்பாள்,
கதிரையிலிருந்து பாதி இறங்கி.
கடைசியில் பிக்கா என்றே விட்டேன்.
மூன்று எழுத்து. இடமும் மிச்சம்.

பக்கத்து மேசையில் துஷாரி, சிங்களத்துக்கு எழுதுகிறாள்.
அவளும் அந்தச் சொல்லில்தான் மூன்று நாளாக நின்றாள்.
தேநீர் நேரம் திடீரென்று சொன்னாள்:
தம்பி ஆமியிலிருந்து வந்த நாளிலிருந்து
வீட்டில் மின்விசிறி போடவிடுவதில்லை.
சுற்றுகிற சத்தம் ஆகாதாம்.
நான் பிஸ்கட்டை நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
கரண்டி எடுத்து வந்தது அவள்தான்.

தொடக்க உரையில் இந்த வருஷமும் அது வந்தது:
ஐம்பத்தொன்றில், சான் பிரான்சிஸ்கோவில்,
பகை பகையால் தணியாது என்று சொல்லி
நட்டஈடு வேண்டாம் என்ற தீவு எங்களுடையது.
மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.
எண்பத்துமூன்றில் அப்பாவின் கடை எரிந்த தெருவால்தான்
155 பஸ் வீட்டுக்குப் போகும்.
இப்போது அதில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

ஐஸ்காரி வாடகைக்கு அறை கேட்டுப் போகிறாள்.
வீட்டுக்காரர் முற்பணத்தை இரண்டு தரம் எண்ணுகிறார்.
பிறகு: அன்றைக்கு எங்கே இருந்தாய்?

இந்த வசனத்துக்கு எனக்கு மூலப்பிரதி தேவைப்படவில்லை.
தொண்ணூற்றேழு, வெள்ளவத்தை, மூன்றாம் மாடி:
எந்த ஊர், எப்ப வந்தனீர்,
பொலிஸில பதிஞ்சாச்சோ.

என்னை அந்த மே மாதத்தைப் பற்றிக் கேட்டால்,
இங்கேதான். காலி வீதியில் பட்டாசு.
முகம் தெரிந்த ஒருவர்
வாழையிலைத் துண்டில் பாற்சோறு நீட்டினார்.
சாப்பிட்டேன்.
ஆறே எழுத்து.

அவள் பதில் சொல்வதில்லை. பதினொரு வினாடி.
கைப்பெட்டியிலிருந்து தண்ணீர் படியில் சொட்டுகிறது.
திரையின் அடியை நான் வெறுமையாக விட்டேன்.
துஷாரியும் விட்டிருந்தாள்.
நாங்கள் கதைத்துவைத்துச் செய்ததல்ல.
மண்டபத்தில் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்,
யாரோ செருமப்போய் நிறுத்தியது.

படம் முடிந்து குடையைத் தேடும்போது
ஒருத்தி வந்தாள். கழுத்தில் வங்கி அட்டை.
நீங்களோ தமிழ் போட்டது?
அறை கேட்கிற இடத்தில ஒரு வசனம் விட்டிட்டீங்கள்.
இல்லை, அதில அவ கதைக்கிறேல்லை என்றேன்.
கதைச்சவ. வாய் அசைஞ்சது. நான் பார்த்தனான்.
என்ன சொன்னவ என்று கேட்கமுதல்
அவளுடைய பஸ் வந்துவிட்டது.

கடைசி ரயில் போய்
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை இருந்தேன்.
பதினொரு வினாடி
இருநூற்று அறுபத்துநாலு சட்டகம்.
ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன்.
நூற்றுத்தொண்ணூறுவரை உதடு மூடித்தான் இருக்கிறது.
அடுத்ததில் பிலிமில் ஒரு கீறல்,
சரியாக வாயின் மேல்.