மேட்டி

சேர்ந்த அன்று பட்லர் கேட்டார், பேர் என்ன?
துரைக்கண்ணு.
ஒரே பங்களாவில் ரெண்டு துரையா என்று
சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குமுன் சொன்னார்:
இனி நீ மேட்டி.

விளக்குச் சிமினி துடைக்க மேட்டி.
பூட்ஸுக்கு மேட்டி.
சித்திரை பிறந்தால் ஏலகிரி மலைக்கு
துரைசானியின் பூனையைக் கூடையில் சுமக்க
மேட்டி, மேட்டி.

கஸ்பா கறிக்கடையில் ஒருத்தன் சொல்வான்:
"மேட்டிக்கு வந்த மேட்டிமையப் பாரு,
எலும்பு வேணாமாம்."
கறி யாருக்கென்று இவன் சொன்னதில்லை.

அம்மா அந்த மாசியில் போனாள்.
பெண்டாட்டி பேர் சொல்லமாட்டாள்.
"இன்னாங்கோ" என்பாள், அதையும்
முதுகைப் பார்த்து.

துரை காட்பாடியில் ரயிலேறினார்.
பெட்டி பதினேழு, எண்ணி ஏற்றியவன் இவன்.
ஜன்னலிலிருந்து நீண்ட கையில்
அரை ரூபாய்.

பிறகொரு ஆடியில், இருமலோடு,
மிஷன் ஆஸ்பத்திரி வராந்தா.
மகன் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக்
கம்பவுண்டர் கூப்பிடுகிறார்:
துரைக்கண்ணு.
துரைக்கண்ணு.
பெஞ்சில் யாரும் அசையவில்லை.

மூன்றாம் தரம்
முதல் பாதி மட்டும் காதில் விழ
சடக்கென எழுந்தான்,
தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி,
சுவரோரம் ஒதுங்கி,
வருகிறவருக்கு
வழிவிட்டு.