மேற்படி

சனிக்கிழமை மதியம் டாக்டர் கிளம்பிய பிறகு
தல்லாகுளத்துக்கு வந்து சேர்ந்தன இரண்டும்.
ஒன்று நாகமலைப் பக்கம், நாலுவழிச் சாலையில்
லாரிக்குத் தப்பி, முன்கால் சிராய்த்து,
யாரோ ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் வந்தது.
மற்றது எல்லீஸ் நகர் மாடி வீட்டில்
நான்கு மாதம் செல்லமாக வளர்ந்தது.
வளர்த்தால் கேஸ் என்று எவரோ சொல்ல,
பயந்துபோய்ப் பழக்கூடையில் கொண்டுவந்தார்கள்.
'பேரு மாணிக்கம்' என்றாள் அந்த வீட்டுச் சிறுமி.
பதிவேட்டில் பெயருக்குக் கட்டம் இல்லை.
பச்சோந்தி, ஆண் என்று எழுதி
அதன்கீழ் மேற்படி என்று போட்டேன்.

வனத்துறை வண்டி திங்கள்தான் வரும்.
காலியாக இருந்ததோ ஒரே கூண்டு.
'நல்லதுதானக்கா, பாவம், ஒண்ணுக்கொண்ணு தொணையாச்சு'
என்றான் வார்டு கூட்டும் ரெங்கதுரை.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

கதவைச் சாத்திக் கையெடுப்பதற்குள்
நாகமலைக்காரன் கறுத்தான்.
தணலில் மறந்துவிட்ட கத்திரிக்காய்க் கறுப்பு,
அங்கங்கே மஞ்சள் வெடித்த கறுப்பு.
தொண்டை உப்பி, உடம்பு தட்டையாகி,
பஸ் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல்.
மாணிக்கம் மூச்சுக் காட்டவில்லை.
கம்பிக்கு வெளியே ஒரு கண், அவன்மேல் ஒரு கண்,
வெளிறி, கிளையின் நுனிவரை போய்
அதற்குமேல் கிளை இல்லாமல் நின்றது.

பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை நடுவில் செருகினேன்,
ஏதோ ஒரு நாயின் முறிந்த தொடையெலும்பு.
அதன் வழியே நிழல் ஆடியது. போதவில்லை.
குளுக்கோஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்தேன்.
பத்து நிமிடத்தில் ஒருவன் பச்சைக்குத் திரும்பினான்.
மாணிக்கத்துக்குச் சாயங்காலம் ஐந்தானது.
ஐந்தேகாலுக்கு நாக்கை நீட்டி
முதல் வெட்டுக்கிளியை எடுத்தது.

அந்நேரம்தான் பஞ்சவர்ணம் போன் பண்ணினாள்,
திருமங்கலத்திலிருந்து.
'மாடி ரூமு சும்மாத்தாண்டி கெடக்கு.
ஒத்தையில அங்க என்னத்த ஆக்கித் திங்கிற?
வந்துரு.'
அன்பாகத்தான் கூப்பிடுகிறாள் அக்கா.
போன தடவை பதினோரு நாள் இருந்தேன்.
'ஏம்மா இப்படிக் கறுத்துட்ட?' என்றார் அவள் மாமியார்.
வெயில் என்றேன். மார்கழி அது.

'திங்கக்கெழம சொல்றேன்' என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு, அட்டைக்கு இரு பக்கமும் தண்ணீர் தெளித்தேன்.
இலையில் நின்ற சொட்டுகளை
அவரவர் பக்கத்தில் அவரவர் குடித்தார்கள்.
சிறுமி வந்து ஜன்னலில் எக்கிக் கேட்டாள்:
'ரெண்டு பேரும் ஃபிரெண்டாயிட்டாங்களா?'
கொஞ்சம் யோசித்து,
'நல்லாச் சாப்பிடுறாங்க' என்றேன்.

திங்கள் காலை, அழகர்மலை அடிவாரம்.
'ரெண்டையும் இந்தப் புளியிலயே விட்ருவமா?' என்றார்
வனக்காவலர், ஜீப்பை அணைக்காமல்.
ஒன்றை விட்டோம்.
மற்றதைக் கூடையோடு தூக்கிக்கொண்டு நடந்தேன்.
திரும்பிப் பார்த்தேன்,
புளியமரம் தெரிந்தது.
இன்னும் கொஞ்சம் நடந்தேன்.