முப்பத்தேழாம் எண்

ஆயிரத்து நூறு லரி.
பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்
ஒன்பது மாதம் புன்னகைத்துச் சேர்த்தது.
மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
பிராசஸர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி.,
பவர் சப்ளை, பெட்டி,
கொஞ்சம் இடம் விட்டு
கிராபிக்ஸ் கார்டு.

எழுதிய வரிசையில் எதையும் வாங்க முடிவதில்லை.
ஒன்றின் விலையைத் தொட்டால்
இன்னொன்று சிணுங்குகிறது.
எட்டு கோர் என்றேன், ஆறு என்றது கைப்பை.
அந்த ஆறும் புதியதல்ல,
ஏதோ காப்பீட்டு அலுவலகத்தில்
கணக்கெழுதிக் களைத்த ஆறு.
நூற்றெண்பது லரி.
போர்டில் ரேமுக்கு இரண்டே குழிகள்.
'பின்னாளில் கூட்டிக்கொள்ளலாம்' என்று எழுதி
அடித்தேன்.
பின்னாள் என்பதும் ஓர் உதிரிபாகம்,
அதற்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள்.

வண்ணம் மாறும் விசிறிகளைக் காட்டினான் வாஜிகோ.
"இருட்டில் எவ்வளவு அழகு தெரியுமா?"
இருட்டில் நான் தூங்குவேன் என்றேன்.

லீலோ சந்தையில் ஒரு பவர் சப்ளையைத்
தூக்கிப் பார்த்தேன்.
அறுநூறு வாட் என்று மேலே ஒட்டியிருந்தது.
ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லை.
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்குக்
கடைக்காரர்
"நம்பிக்கை" என்றார், சிரிக்காமல்.

ஆனையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
நான் அங்குசத்தை முதலில் வாங்கினேன்:
ஐந்தாண்டு உத்தரவாதம், நூற்றறுபது.
மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு
வீடு வந்தேன், ஆனை இல்லாமல்.

மிச்சம் முந்நூற்றெழுபது.

திதுபே பேருந்து நிலையத்தில்
பிமுர்ஸா உருளைக்கிழங்குச் சாக்கை அவிழ்த்தார்.
உள்ளே கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும்
வெள்ளை மையில் ஓர் எண்.
மேஸ்தியாவில், மலைமேல்,
மின்சாரத்துக்கு யாரும் கணக்குக் கேட்காத வரை
மாட்டுக்கொட்டகையில் அறுபது ஓடினவாம்.
மூன்று குளிர்காலம், இரவும் பகலும்
நாணயம் தோண்டின.
"லாபம் பார்த்தது மாடுகள்தான்,
குளிரே தெரியவில்லை அவற்றுக்கு."

முப்பத்தேழை எடுத்தேன்.
விசிறியைச் சுண்டினேன், கீச்சென்றது.
மூக்கருகே கொண்டுபோனேன்,
லேசாக வைக்கோல் வாசம்.
படம் ஒழுங்காக வருமா என்றேன்.
பிமுர்ஸா தாடியைச் சொறிந்தார்.
"படமா? இதில் யாரும்
திரை மாட்டிப் பார்த்ததில்லையே."
உண்மைதான்.
துளைகளில் மாட்டிய பிளாஸ்டிக் மூடிகள்
தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன.

நானூறு கேட்டார்.
என் கையை விரித்துக் காட்டினேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

இரவு பதினொன்று. சமையல் மேசை.
எல்லாம் மாட்டியாயிற்று, விசிறிகள் சுற்றின,
திரை கறுப்பு.
கழற்றினேன், மாட்டினேன், கறுப்பு.
வாஜிகோ தொலைபேசியில்
ஒவ்வொன்றாகச் செத்திருக்கக்கூடிய பாகங்களைச் சொன்னான்,
துக்க வீட்டில் உறவு விசாரிப்பதுபோல.
ஒரு மணிக்கு
ரேமின் ஒரு முனை நுனிநகம் அளவு
தூக்கியிருப்பதைப் பார்த்தேன்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
சடக்.

முதலில் தேதி கேட்டது.
அது நினைத்துக்கொண்டிருந்த வருடத்தில்
எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை,
முறிவு எங்கே.
சரியான தேதியைக் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு விளையாட்டு இறங்கி முடிந்தது.
ஒரு பள்ளத்தாக்கு. பனி.
தொலைவில் ஒரு கல் கோபுரம்.
வாளை எடு, வடக்கே போ என்றது.
நான் போகவில்லை.
முப்பத்தேழு கீச்சிட்டுக்கொண்டே
ஒவ்வொரு பனித்துணுக்காக வரைந்தது,
நொடிக்கு ஐம்பத்தெட்டு ஃப்ரேம்.

திரையைப் படமெடுத்து பிமுர்ஸாவுக்கு அனுப்பினேன்.
விழித்துத்தான் இருந்தார்.
"பனி சரியில்லை," என்று பதில்,
"எங்கள் பக்கம் இவ்வளவு நீலம் கிடையாது."
கொஞ்சம் கழித்து,
"கோபுரம் பரவாயில்லை."

நிழல்களை ஒரு படி ஏற்றிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று.
இறக்கிவிட்டேன்.