பெலிண்டாபா

நாங்கள் வேலை செய்யும் இடத்தின் பெயருக்குப்
‘பேச்சு முடிந்தது’ என்று பொருள்.
சொன்னவள் கெயிட்டுமெட்சே,
சேர்ந்த முதல் நாள், கையுறையை உதறிக்கொண்டே.
என்ன என்று இரண்டு தடவை கேட்டேன்.
என் இடது காதுக்குள்
பத்தொன்பது வருடமாகக் கம்ப்ரெஸர் ஓடுகிறது.

செனான்:
காற்றைக் கோடிக் கூறாக்கினாலும்
முழுசாய் ஒரு கூறு தேறாது.
கிரேக்கத்தில் அந்நியன்.
தமிழில் மந்த வாயுக்களில் ஒன்றாம்.
மந்தம், வாயு இரண்டுமே எனக்கு
ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பின் வருபவை.
யாரோடும் ஒட்டாது என்று
நானும் ஒரு காலத்தில் எழுதி மார்க் வாங்கியவன்தான்.

ஃப்ளூரின் அப்படியல்ல.
வெட்கம் கெட்டது. தண்ணீரையே பற்றவைக்கும்.
நிக்கல் கலத்தில் இரண்டையும் அடைத்துச் சூடேற்றுவோம்.
பிறகு ஒரே நேர்கோடு:
நடுவில் அந்நியன், இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்.
மரபஸ்டாட்டில் பர்மிட் இல்லாத ஓர் இரவு
என் அப்பாவை இப்படித்தான் நடத்திப் போனார்கள்.

குளிர்ந்தால் வெள்ளைப் படிகம்.
கற்கண்டு என்றே நினைப்பீர்கள்.
திறந்து வைத்தால் உருகாது,
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடும்.
ஈரம் பட்டால் அமிலம். வலி உடனே வராது,
எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் வரும்.
ஃபான் ஸ்டாடனின் சுண்டுவிரலுக்குக் கால்சியம் களிம்பை
நாற்பது நிமிடம் தேய்த்தேன்.
அவர் முதன்முறையாக என் பெயரைச் சரியாகச் சொன்னார்:
பூபாலன்.

வாங்குகிறவர்கள் அதற்குச் சிலிக்கானைத் தின்னக் கொடுக்கிறார்கள்.
அடியில் கிடப்பதை நாலா பக்கமும் நக்கித் தின்னும்.
மேலிருக்கும் ஆக்ஸைடை, அலுமினியத்தை,
விருந்தாளி பாயை மிதிக்காதது போல
மிதிக்காது.
தின்று முடிந்ததும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு தோல்
அந்தரத்தில் நிற்கும்,
நடுங்குவதற்குத் தயாராக.
ஃப்ளூரின் சிலிக்கானைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடும்.
செனான் வந்தது போலவே
தனியாக வெளியேறும்.

செஞ்சூரியனில் காதுக்கருவி பொருத்திய பெண்
‘இதன் மைக் சிலிக்கான், எள்ளைவிடச் சின்னது’ என்றாள்.
அந்தத் தோலை அறுத்துவிட்டது எங்கள் பாட்டிலா,
வேறு ஊர்ப் பாட்டிலா, வேறு ஏதாவது திராவகமா,
யார் கண்டது.
கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.
பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். ஆறு தவணை.

மறுநாள் லௌடியத்தில் விடிந்தது.
முதலில் கேட்டது ஹடீடா:
கூரைமேல் நின்று துருப்பிடித்த கதவைப் போல
மூன்று முறை.
இவ்வளவு காலம் இந்தக் கொடுமை இல்லாமல் இருந்திருக்கிறேன்.
பிறகு கடுகு. ஒவ்வொன்றாக.
பிறகு நீலாவதி, அடுப்பைப் பார்த்தபடி,
கருவியை நான் மாட்டியிருப்பது தெரியாமல்
என்னைப் பற்றி ஒரு வாக்கியம்.
பல வருடமாக அதை அவள் சொல்லிவந்திருக்க வேண்டும்,
அவ்வளவு சரளம்.

‘என்ன சொன்னாய்?’ என்றேன்.

கரண்டி நின்றது.