காந்தம்

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்
சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருந்தார்.
ஃபிரிட்ஜில் ஒட்டுகிற வகை. தக்காளி வடிவம்.
எனக்கு வணக்கம் அரைகுறைதான்,
நேராக வண்டியிடம் போய்விட்டார்.

தொண்ணூற்றொன்றில் செய்த செலிகா.
இரண்டே கதவு.
பின்சீட்டில் ஒரு தர்பூசணி உட்காரலாம்,
என் அண்ணன் உட்கார முடியாது.
விளக்குகள் மூக்குக்குள் படுத்துத் தூங்கும்.
ஸ்விட்சைத் தட்டினால் வலது உடனே எழும்.
இடது, ஞாயிற்றுக்கிழமைபோல, யோசித்து எழும்.
அதை எழுப்புவது ஜப்பான் மோட்டார் இல்லை,
புதுப்பேட்டை கவுஸ் பாய் கடையில்
எண்ணூறு ரூபாய்க்கு எடுத்த
மாருதிக் கதவின் கண்ணாடி மோட்டார்.
"பொருந்தாதே பாய்" என்றேன் அன்றைக்கு.
"தானாப் பொருந்துனா நான் எதுக்கும்மா?"

காந்தத்தை பானட்டில் வைத்தார். ஒட்டியது.
கதவில் வைத்தார். ஒட்டியது.
இடது பின்சக்கரத்தின் வளைவில் வைத்தார்.
தக்காளி நழுவித் தரையில் விழுந்தது.

"பட்டியா?"
பட்டிதான். எட்வின் பார்த்தது.
இந்த ஊரில் கடல் கரையோடு நிற்பதில்லை சார்,
ராத்திரியில் பெரம்பூர் வரைக்கும் நடந்து வந்து
கதவிடுக்கில் உப்பைத் தடவிவிட்டுப் போகும்.

"எஞ்சின் ஒரிஜினலா?"
பாதி. மேல்பாதி துபாயிலிருந்து
யாரோ ஒருவரின் லுங்கியில் சுற்றிக்கொண்டு வந்தது.

"சைலன்ஸர்?"
இரண்டு இருக்கிறது.
ஒன்று எஃப்.சி.க்கு. பரமசாது.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை மாட்டி
இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவோம்,
மாப்பிள்ளை வீட்டார் முன்னால்
என்னை நிறுத்தினார்களே, அப்படி.
இன்னொன்று எனக்கு.
மாதவரம் பைபாஸில் மூன்றாவது கியரில்
பால் லாரிகள் தாமாக ஒதுங்கும்.

ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் வெட்டி இறக்கினேன்.
அது தப்பு. யாரும் கேட்காமலே ஒத்துக்கொள்கிறேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு வேகத்தடையையும்
ஓணான் சுவரேறுவதுபோலக் குறுக்காக ஏறுகிறேன்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
கணுக்காலளவு தண்ணீர் என்றாலே
ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்கிறேன்.

அவர் விரல் மடக்கித் தகட்டைத் தட்டினார்,
காதை வைத்துக் கேட்டார்.
அந்த முகம் எனக்குப் பழக்கம்.
ஸ்டான்லியில் பதினேழு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
பிளேட், கம்பி, ஸ்க்ரூ,
ஒருவருக்கு 1983-லிருந்து ஒரு குண்டூசி.
வெளியே பார்த்தால் எல்லாரும்
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்பேன்.
ஒரிஜினலா என்று ஒருவரையும் கேட்டதில்லை.

"பட்டிக்கு நாற்பதாயிரம் கழிச்சுக்கலாம்" என்றார்.

குனிந்து தக்காளியை எடுத்து
என் இடது முழங்காலில் வைத்தேன்.
கத்திப்பாராவில் ஸ்கூட்டர் சறுக்கிய வருடம்,
ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.
விழுந்தது.
"இங்கயும் ஒட்டாது சார்.
இதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
டீயை மட்டும் முழுக்கக் குடித்தார்.
யோசித்துச் சொல்லுங்கள் என்று
ரயிலுக்கு ஆட்டோ பிடித்தார்.

விற்கத் துணிந்ததற்குப் பெரிய காரணம் இல்லை.
ரேடியேட்டர், அப்புறம் கிளட்ச்,
அதே மாதம் சொஸைட்டி லோனில் ஒரு கடிதம்.
வரிசையாக வந்தால் யாருக்கும் தோன்றும்.

சாயங்காலம் தூறியது.
கவர் போடும் முன் சும்மா ஸ்விட்சைத் தட்டினேன்.
வலது எழுந்தது.
இடது எழவில்லை.
நான் நின்றேன். தூறல் சட்டையில் இறங்கியது.
பிறகு ஒரு முனகல், அது மெதுவாக
எதிர்வீட்டுச் சுவரில் கொஞ்சம் கோணலாக
வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைத்தது.

தக்காளியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.
கதவில், தகடு இருக்கிற இடமாகப் பார்த்து
ஒட்டிவைத்திருக்கிறேன். கேட்டால் கொடுக்கலாம்.

தவணை ஐந்தாம் தேதி.
இன்று மூன்று.
கவுஸ் பாய் போன் செய்தார்,
கிளட்ச் தட்டு வந்திருக்கிறதாம்,
வேறு ஏதோ வண்டியுடையது.